மாமாவின் ராஜினாமா ஏற்கப்பட்ட விவரம்

கூடுவாஞ்சேரி,
சனிக்கிழமை.

அன்புள்ள சாவித்ரி அக்காவுக்குத் தம்பி பூவராகன் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு நானும் புஷ்பலதாவும் சுகம். அங்கு நீயும், ரோஹிணியும், மாப்பிள்ளையும், புதிதாக வந்திருக்கும் சின்ன ராஜாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தைக்கு மஞ்சள் காமாலை இறங்கி இப்போது நன்றாகப் பால் குடிக்கிறான் என்று கேள்விப்பட்டதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நீ சேலையூர் வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போன மாமாவும் சுகம். உடம்பளவில் சுகம். மீதியைத்தான் விவரமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் காலத்தில் போன் பண்ணாமல் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் என்றால் முதல் வாக்கியம் முடிவதற்குள் நீ திட்ட ஆரம்பித்துவிடுவாய், நான் ‘சரிக்கா, சரிக்கா’ என்று வைத்துவிடுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும். கடிதத்தை யாரும் நடுவில் மறிக்க முடியாது. மேலும், முப்பத்தோரு வருஷம் பதிவு எழுத்தராக வேலை பார்த்தவனுக்கு, நடந்ததை நடந்த வரிசையில் தாளில் எழுதிப் பார்த்தால்தான் தன்மேல் தப்பு எவ்வளவு என்று தெரியும். எழுதிப் பார்த்ததில் பெரிய தப்பு இல்லை என்றே படுகிறது. நீயும் கடைசிவரை படித்துவிட்டு அப்படியே நினைக்க வேண்டும்.

தேர்தலில் மாமா தோற்றது உனக்குத் தெரியும். கொஞ்ச வித்தியாசத்தில்தான் தோற்றதாக உன்னிடம் சொல்லியிருக்கிறாராம். நம் மக்கள் நல்லெழுச்சிப் பேரவைக்கு விழுந்த ஓட்டு முந்நூற்று எண்பத்தாறு. நோட்டாவுக்கு அதைப்போல ஐந்து மடங்கு. சேலையூரில் உங்கள் தெரு பூத்தில் எட்டு. அந்தத் தெருவில் நம் சொந்தக்காரர்கள் மட்டும் பதினாலு பேர் இருக்கிறார்கள். நீ ஓசூரில் இருப்பதால் உன்னைக் கழித்துவிடலாம். மீதி ஐந்து பேர் யார் என்று கண்டுபிடிக்க மாமா இரண்டு நாள் ஒவ்வொரு வீடாகப் போய்க் காபி குடித்து முகங்களைப் பார்த்துவிட்டு வந்தார். எல்லா முகமும் ஒரே மாதிரி இருந்ததாம். பிறகு தோல்விக்குக் காரணம் ஆராயக் கமிட்டி போட்டார்கள். இளைஞரணிப் பிரேமை உனக்குத் தெரியுமே, இங்கே கூடுவாஞ்சேரியில் மனை விற்கிறவன், வெள்ளைக் கார் வைத்திருப்பவன். அவன் சின்னத்தின்மேல் பழியைப் போட்டான். “நமக்குக் குடுத்தது ஜன்னல். மெஷின்ல பாத்தா மூடின ஜன்னலா இருக்கு சார். ஜனங்களுக்கு ஒரு நெகட்டிவ் ஃபீலிங்” என்றான். அமைப்புச் செயலாளர் வினோத்குமார் பொழிச்சலூர்க்காரன். பிரசாரம் முழுக்கத் தலைக்கு மேல் விமானம் போய்க்கொண்டே இருந்ததால் மாமாவின் பேச்சு யார் காதிலும் விழவில்லை என்றான். எனக்கென்னவோ காதில் விழுந்த இடங்களில்தான் ஓட்டு இன்னும் குறைந்ததாகத் தோன்றியது.

இனி ராஜினாமாவுக்கு வருகிறேன். முந்தைய இரண்டு தேர்தல்களில் தோற்றபோதும் மாமா ராஜினாமா செய்தார் அல்லவா? கட்சிகளில் அது ஒரு சடங்கு, அக்கா. தலைவர் கடிதத்தை வாசிப்பார், தொண்டர்கள் கூடவே கூடாது என்று கத்துவார்கள், ஒருவர் ஓடிப்போய்க் காலைப் பிடிப்பார், தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிதத்தைக் கிழிப்பார், அப்புறம் சாப்பாடு. இரண்டு முறையும் காலைப் பிடித்தது நான்தான். இரண்டாவது முறை மாமா என்னை இழுத்துக்கொண்டே நாலடி நடந்தார், நான் விடவில்லை. இந்த முறையும் அதே ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் செயற்குழுவுக்கு மூன்று நாள் முன்னால் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“டேய் மச்சான், ஞாயித்துக்கிழம நான் ரிசைன் பண்றேன்.”

“சரி மாமா. நான் முன் வரிசையில உக்காந்துக்கறேன்.”

“நீ வேணாம். ஒரே ஆளு மூணு தடவ காலப் புடிச்சா நல்லாவா இருக்கு? பொம்பளைங்க அழுதாதான் எடுபடும். நீ நேரா பெரும்பாக்கம் போயி அங்காளம்மாவையும் அவங்க கூட இருக்கறவங்களையும் வேன்ல கூட்டிட்டு வா. நீயே போகணும். போன்ல சொன்னா வேலைக்கு ஆகாது.”

“நான் வர்றதுக்குள்ள அவங்க ஏத்துக்கிட்டாங்கன்னா?”

“யார்றா ஏத்துப்பாங்க? நீ பொறுமையா வா.”

அங்காளம்மா யார் என்றால், பட்டினப்பாக்கத்துக் கரையில் மீன் விற்றுக்கொண்டிருந்தவர். குடும்பத்தோடு பெரும்பாக்கம் குடியிருப்புக்கு வந்தபிறகு இப்போது மேடவாக்கத்தில் கூடை வைத்திருக்கிறார். நம் மகளிரணிக்கு அவர்தான் தலைவி, அவருக்கு அது தெரியாது. முந்தின நாளே போனில் சொல்லிவைத்திருந்ததால், நான் வேனோடு போய் இறங்கியபோது கீழே இருபத்திரண்டு பெண்கள் நல்ல புடவை கட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். ஆனால் விஷயம் தெரியாமல் வண்டி ஏற மாட்டேன் என்று அங்காளம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“அழுவணும்ன்னு சொன்ன சார். யாரு பூட்டாங்க?”

“யாரும் போகலம்மா. தலைவர் பதவி விலகுறாரு.”

“அத்துக்கு இன்னாத்துக்கு அழுவணும்? தோத்தா வூட்டுக்குப் போறதுதானே மொற?”

“அப்படியில்ல. அவர் போனா கட்சி என்ன ஆகும்?”

“இப்ப இன்னா ஆயிருக்கு?”

பக்கத்தில் இருந்த ஒரு பெண் சிரித்துவிட்டாள். அங்காளம்மா என்னைப் பார்த்துக் கொஞ்சம் இரக்கப்பட்டிருக்க வேண்டும். “சரி, பேஜார் பண்ணல. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து எங்க பிளாக்குக்கு வர்ற வழியில ஒரு லைட்டு கெடையாது. பொண்ணுங்க டியூஷன் முட்ச்சிகினு இருட்டுல வருதுங்க. அத்த உங்காளு செஞ்சு குடுப்பாரா?” என்று கேட்டார். செய்வார், தலைவராக இருந்தால் கட்டாயம் செய்வார் என்று நான் வாக்குக் கொடுத்தேன். மாமா சார்பில் பதினோரு வருஷமாக வாக்குக் கொடுத்துப் பழக்கம், தானாக வந்துவிட்டது. “அப்ப அழுவறோம். யாரப் பாத்து அழுவணும்? எங்களுக்கு மூஞ்சி தெரியாதே” என்றார். என் பின்னாலேயே வாருங்கள், காட்டுகிறேன் என்றேன். இந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் காரணம். இதைத் தப்பு என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

பெரும்பாக்கத்திலிருந்து செயற்குழு நடக்கும் சேலையூர் மண்டபத்துக்கு எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். மேடவாக்கம் தாண்டியதும் சாலையில் ஒரு பக்கம் பள்ளம் தோண்டி வைத்திருந்தார்கள், மறுபக்கத்தில் ஒரு கிரகப்பிரவேசத்துக்காகப் பசுமாட்டை நடத்திக்கொண்டு போனார்கள், அந்த மாடு ராஜகீழ்ப்பாக்கம் வரை எங்களுக்கு முன்னால் சாவகாசமாக நடந்தது, ஹாரன் அடித்தால் நின்று திரும்பிப் பார்த்தது. வேனுக்குள் பெண்கள் அழுது ஒத்திகை பார்த்தார்கள். டிராஃபிக்கில் பக்கத்தில் பைக்கில் நின்றவர் மரியாதையாக ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு, யாருங்க, வயசானவரா என்று என்னிடம் விசாரித்தார். மாமாவை அழைத்தேன், போன் அணைக்கப்பட்டிருந்தது.

மண்டபத்தில் அதற்குள் நடந்ததை நம் பொருளாளர் சத்தியநாதன் சார் பின்னால் சொன்னார். அவர்தான் கூட்டத்துக்குத் தலைமை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அவருடைய சர்ச்சில் பதினைந்து வருஷம் சபைத் தேர்தல் நடத்தியவர், எதையும் விதிப்படி செய்கிறவர். நமக்குக் கிடைத்தது சாப்பாட்டுக் கூடம்தான், மாடியில் பெரிய ஹாலில் யாரோ ஒருவர் வீட்டுக் காதுகுத்து. மாமா எழுந்து ராஜினாமாவை வாசிக்கிறார். ‘தோல்விக்கு முழுப் பொறுப்பையும் நானே ஏற்று’ என்ற வரிக்கு வந்தபோது மாடியில் குழந்தைக்குக் காது குத்தியிருக்கிறார்கள். மேளமும் நாதஸ்வரமும் குழந்தையின் அலறலும் ஒன்றாகக் கிளம்பின. ஆட்சேபம் உள்ளவர்கள் கை தூக்கலாம் என்று சத்தியநாதன் சார் கேட்டிருக்கிறார். யார் காதிலும் விழவில்லை. ஒரு கையும் தூக்கப்படவில்லை. மேளம் அடங்குவதற்குள் ‘ஏகமனதாக ஏற்கப்பட்டது’ என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். மாமா தோளில் இருந்த துண்டை மடித்துக்கொண்டு கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாராம்.

பிறகு புதுத் தலைவர் தேர்வு. பிரேம் எழுந்து, தனக்குப் பதவி ஆசை துளியும் இல்லை என்று இருபது நிமிஷம் பேசினான். மாலை அவன் காரில் தயாராக இருந்தது. வினோத்குமார் எழுந்து, ஆசை இல்லாததில் தான் பிரேமைவிடப் பழையவன் என்று பேசினான். ஓட்டெடுத்தார்கள். இவனுக்குப் பதினாலு, அவனுக்குப் பதினாலு. திரும்ப எடுத்தார்கள், திரும்பவும் பதினாலு. சத்தியநாதன் சார் தலைமை என்பதால் அவருக்கு ஓட்டு இல்லை. இன்னும் ஓட்டுப் போடாத ஒரே செயற்குழு உறுப்பினர் பூவராகன் என்று நோட்டைப் பார்த்து அறிவித்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் வேன் வாசலில் போய் நின்றது. நான் இறங்குகிறேன், உள்ளேயிருந்து பிரேம் ஓடிவந்து என் வலது கையைப் பிடிக்கிறான், “அண்ணா, இப்படி வாங்க, ஒரே நிமிஷம்” என்கிறான். வினோத்குமார் இடது கையைப் பிடித்து, “மச்சான், அவன்கூடப் போகாத” என்கிறான். பிறந்ததிலிருந்து எனக்கு மச்சான் முறையே ஆகாதவன். இரண்டு பேரும் இரண்டு பக்கம் இழுக்க, நான் மாமாவைத் தேடி எட்டி எட்டிப் பார்க்கிறேன். பின்னால் இறங்கிய அங்காளம்மா இதைப் பார்த்திருக்கிறார். யாரைக் காட்டுவேன் என்று சொன்னேனோ அந்தத் தலைவர் நான்தான், என்னைத்தான் துரத்துகிறார்கள் என்று அவருக்குப் பட்டுவிட்டது.

“யோவ்! வுடுயா அவர! எங்க தலைவர எங்க இஸ்துகினு போற?” என்று ஒரு சத்தம். மேடவாக்கம் மார்க்கெட்டில் எடுபடுகிற குரல், அக்கா. மாடியில் மேளம் நின்றுவிட்டது. அப்புறம் இருபத்திரண்டு பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டு, தலைவா போகாதே, எங்களை விட்டுட்டுப் போகாதே என்று அழ ஆரம்பித்தார்கள். ஒத்திகை பார்த்த அழுகை என்று யாரும் சொல்ல முடியாது. காதுகுத்துக்கு வந்தவர்கள் மாடிப்படியில் நின்று போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். நான் ‘நான் இல்லம்மா, அவர் அங்க’ என்று கத்தினேன். அவரையும் காணோம், என் குரலையும் காணோம்.

சத்தியநாதன் சார் மைக்கைத் தட்டினார். “சகோதரர்களே, கட்சி ஆரம்பிச்ச நாள்லேருந்து இவ்வளவு ஜனங்க ஒருத்தருக்காகத் தானா வந்து நான் பாத்ததில்ல. தம்பி பூவராகன் பேர நான் முன்மொழியறேன்” என்றார். வினோத்குமார் வந்துவிடக் கூடாது என்று பிரேம் கை தூக்கினான். பிரேம் வந்துவிடக் கூடாது என்று வினோத்குமாரும் தூக்கினான். இருபத்தெட்டுக் கைகள். நான் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கைகளையும் மேலே ஆட்டினேன், அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு கைதட்டினார்கள். காரிலிருந்து மாலை வந்தது. பிரேமே போட்டான், அவன் கண்ணில் இருந்த தண்ணீர் மட்டும் நிஜம்.

உன்னிடம் பொய் சொல்லக் கூடாது. மாலை தோளில் விழுந்தபோது ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நன்றாக இருந்தது. நான் ரிட்டயர் ஆன அன்று கூட ரிட்டயர் ஆனவர்களோடு மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மாலை வாங்கி, போட்டோவுக்காக மாற்றி மாற்றிப் போட்டது உனக்குத் தெரியும். இது முழு மாலை. சம்பங்கி.

அந்த மாலையைக் கழற்றி மாமா காலடியில் வைத்துவிடலாம் என்று சாயந்திரம் உன் வீட்டுக்குப் போனேன். மாமா கதவைத் திறந்தார். முப்பது வருஷமாக டேய் போடாமல் என்னைக் கூப்பிடாதவர், “வாங்க தலைவரே. செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க” என்றார். அழுதேன், அக்கா. பசுமாட்டைச் சொன்னேன், பள்ளத்தைச் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். துக்கத்தைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்ற வைராக்கியம். திரும்பி வந்தபோது ரப்பர் ஸ்டாம்பு, கொடி, காரில் கொடி கட்டுகிற கம்பி, பதினோரு வருஷத்து மனுக்கள் கட்டிய மூன்று மூட்டை எல்லாவற்றையும் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார். இவ்வளவு வேகமாக எல்லாவற்றையும் ஒப்படைக்கிறார் என்றால் மனசு எவ்வளவு வெறுத்திருக்கும்!

நான் உடனே விலகிவிடுகிறேன் என்று சத்தியநாதன் சாரிடம் ஓடினேன். அவர் விதிப் புத்தகத்தைப் பிரித்தார். செயற்குழுவிடம்தான் விலக முடியும், செயற்குழுவைத் தலைவர்தான் கூட்ட வேண்டும், மண்டபம் ஆவணி முகூர்த்தமெல்லாம் முடிகிற வரை காலியில்லையாம். ஆக, வேறு வழியில்லாமல் தினமும் காலையில் உன் வீட்டு முன்னறையில் இருக்கும் கட்சி அலுவலகத்துக்குப் போகிறேன். நாற்காலியின்மேல் மாமாவின் துண்டைத்தான் போட்டு வைத்திருக்கிறேன். உட்காரும்போது மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். பதினொரு மணிக்கு மாமாவே காபி கொண்டுவந்து, “தலைவருக்குச் சர்க்கரை போதுமா?” என்று கேட்கிறார்.

செவ்வாய்க்கிழமை அங்காளம்மா போன் பண்ணினார். “இன்னா தலைவரே, அழுதாச்சு. லைட்டு இன்னாச்சு?” என்று கேட்டார். எனக்கு அரசியல் தெரியாது, மனு எழுதத் தெரியும். எந்த மனு எந்த மேஜையில் எத்தனை நாள் தூங்கும், எந்த இணைப்பு வைத்தால் எழுந்திருக்கும் என்று முப்பத்தோரு வருஷம் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். கம்பத்தின் நம்பர், வரைபடம், நாற்பத்தேழு கையெழுத்து எல்லாம் வைத்து, நானும் அங்காளம்மாவும் புதன்கிழமை நேரில் போய்க் கொடுத்து, ரசீது வாங்கும் வரை நகரவில்லை. நேற்று லைட் போட்டுவிட்டார்கள். ஆறரை மணிக்கு அது எரியும்போது பார்க்கக் கூப்பிட்டார்கள். டியூஷன் பெண்கள் புத்தகப் பையோடு அதன் கீழே நின்று சும்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேரவை பிறந்ததிலிருந்து செய்திருக்கும் முதல் காரியம் இது. மாமாவிடம் சொல்ல ஓடினேன். “நல்லது தலைவரே” என்று மட்டும் சொன்னார். அந்த ‘நல்லது’க்குள் எவ்வளவு வேதனை இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

ஆகவே அக்கா, உன்னிடம் கேட்டுக்கொள்வது இரண்டு. இதைப் படித்துவிட்டுப் பாதிப் பத்தியத்தில் ரோஹிணியை விட்டுவிட்டுக் கிளம்பி வராதே. மாமாவுக்கு ஒரு போன் போட்டு ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லு, தம்பி உங்கள் நாற்காலியைப் பிடுங்கவில்லை, பார்த்துக்கொள்கிறான், அவ்வளவுதான் என்று சொல்லு. என் வாயால் சொன்னால் நம்ப மாட்டார். அதனால்தான் இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அவர் கையிலேயே கொடுக்கப் போகிறேன். படித்துப் பார்த்து என் மனசைத் தெரிந்துகொண்டு, ஓசூர் விலாசத்தையும் அவரே எழுதித் தபாலில் சேர்க்கட்டும்.

சின்ன ராஜாவுக்கு ஆயிரம் முத்தம். அவன் எந்தக் கட்சியிலும் சேராமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதித்து,

உன் பாசமுள்ள, தப்பேதும் செய்யாத தம்பி,
பூவராகன்
(தலைவர், பொறுப்பு மட்டும்)

பின்குறிப்பு: சாவித்ரி, இது உன் புருஷன் ஜெயக்கொடி எழுதுவது. உன் தம்பி எழுதியதில் பசுமாட்டைத் தவிர எதையும் நம்பாதே. ஓசூருக்குக் கிளம்பும்போது, கட்சியா வீடா என்று முடிவு பண்ணிட்டு எனக்கு போன் பண்ணுங்க என்று நீ சொன்னாய் அல்லவா? நான் அதற்கு எப்போதோ முடிவு பண்ணியாகிவிட்டது. முதல் இரண்டு ராஜினாமாவும் நிஜ ராஜினாமா. இந்தப் பயல்தான் காலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, இரண்டாவது தடவை முட்டி வீங்கி ஒரு வாரம் எண்ணெய் தடவினேன். இந்தத் தடவை இவனைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டு, மாடியில் காது குத்துகிற நேரத்தை விசாரித்துக்கொண்டு, சத்தியநாதன் சாரிடம் சொல்லிவைத்துக் காரியத்தை முடித்தேன். இவன் தலைவரானது மட்டும் என் ஏற்பாடு இல்லை, அது அங்காளம்மா செய்த புண்ணியம். நான் டேய் என்று கூப்பிட்டால் அடுத்த நிமிஷமே ஸ்டாம்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவான், அதனால்தான் தலைவரே, தலைவரே என்று காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவனிடம் எதையும் சொல்லிவிடாதே. அந்த லைட்டைப் பார்த்துவிட்டு வந்தபோது அவன் முகத்தைப் பார்த்திருந்தால் நீயும் சொல்ல மாட்டாய்.

இதைத் தபாலில் சேர்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். நீ படிக்கும்போது எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன், பேரனை மடியில் வைத்துக்கொண்டு. இனி அரசியல் என்ற பேச்சே கிடையாது, இது அவன்மேல் சத்தியம்.

மாப்பிள்ளையிடம் ஒன்று மட்டும் கேட்டு வை. ஓசூரில் அவர்கள் வார்டுக்குத் தேர்தல் எப்போது வருகிறதாம்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.